இளமையில் உயர் குருதியமுக்கமும் பரம்பரைக் காரணங்களும்

உயர் குருதியமுக்கம் முதுமையோடு உடன்வருவதொரு குறை என்பது பொதுமக்களின் எண்ணம். நரையும் திரையும் தோன்றிய பின்னரே மருத்துவர் கையிற் பட்டியைச் சுற்றி அமுக்கத்தை அளத்தல் வேண்டும் எனப் பலர் கருதுவர். பெரும்பான்மை நோக்கி இவ்வெண்ணம் பொருந்துவதே. ஆயினும் பதினெட்டு வயது மாணவனிடத்தும், இருபத்தைந்து வயது உழவனிடத்தும், முதற் குழந்தையைக் கருவுற்ற இளம்பெண்ணிடத்தும் குருதியமுக்கம் அளவிறந்து நிற்றலை மருத்துவர் காண்பதுண்டு. அவ்விளைஞருட் சிலரின் நோய்க்கு உணவோ உடற்பருமனோ மனக்கவலையோ காரணமன்று; தாய்தந்தையர் வழியே வந்த ஒரேயொரு பரம்பரையலகின் பிழையே காரணம்.

இத்தகையோர் தொகையாற் சிலரே. எனினும் மூன்று காரணங்களால் இவர்கள் கருதத்தக்கவராவர். முதலாவது, அறியப்படாது விடப்பட்ட இந்நோய் முப்பது, நாற்பது வயதிலேயே மூளைக் குருதிப்பெருக்கையோ சிறுநீரகச் சிதைவையோ விளைவிக்கும். இரண்டாவது, உரிய காரணம் அறியப்படின், நெடுங்காலமாக வழக்கிலுள்ள எளிய மருந்தொன்றே போதியதாகும். காரணம் அறியப்படாவிடின், பல மருந்துகளை உண்டும் பயனில்லை. மூன்றாவது, ஒருவரிடத்து நோயை அறிந்தால் அவருடைய உடன்பிறந்தாரையும் மக்களையும் நோய் முற்றுமுன்னரே காத்தல் கூடும். ஒரு நோயாளியை அறிதல் ஒரு குடும்பத்தையே அறிதலாகும்.

குருதியமுக்கம் அளக்கப்படுமாறு

நாடிகளின் உட்சுவரைக் குருதி அழுத்தும் விசையே குருதியமுக்கம் எனப்படுவது. இதயம் சுருங்கும்போது அது மிகும்; விரியும்போது குறையும். இவ்விரண்டையும் இரசத்தின் உயரத்தால், மில்லிமீற்றரிற் கூறுவர். வளர்ந்தோரில் 120/80 அளவில் இருத்தல் நன்று. மருத்துவ நிலையத்தில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நிற்குமாயின் அது உயர் குருதியமுக்கம் எனப்படும். மேற்கையிற் பட்டியைக் கட்டி அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் றிவா-றொச்சி வகுத்தார். 1905இல் இரசிய மருத்துவர் கொரொட்கொவ் நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் வழியைச் சேர்த்தார். அவ்வெளிய கருவியே இன்றும் இந்நோயை அறிதற்குரிய முதல் வாயிலாகும்.

உயர் குருதியமுக்கமுடையோரிற் பெரும்பாலோர்க்கு இதுவே காரணம் எனத் தனியே ஒன்றைச் சுட்டுதல் இயலாது. பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகத் துணைசெய்ய, உப்பு மிகுந்த உணவும் உடற்பருமனும் உழைப்பின்மையும் மதுவும் அவற்றோடு கூடி நோயை விளைவிக்கின்றன. இளைஞரிடத்து இந்நோய் காணப்படின், சிறுநீரக நோய், சிறுநீரக நாடி ஒடுங்குதல், பெருநாடி பிறவியிலேயே ஒடுங்கியிருத்தல், உட்கொள்ளும் சில மருந்துகள் முதலியவற்றை மருத்துவர் முதலில் ஆராய்வர். இவற்றுக்கு அப்பால் எஞ்சுவோருள்ளேதான் ஈண்டுக் கூறப்படும் அரிய பரம்பரை நோய்கள் மறைந்துள்ளன.

சிறுநீரகமும் உப்பும்

இந்நோய்களை விளங்கிக்கொள்ளுதற்குச் சிறுநீரகம் உப்பை ஆளும் வகையை அறிதல் வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்குழாய்கள் உள. இவற்றைச் சிறுநீரகத்திகள் என்பர். நாளொன்றுக்குச் சுமார் 180 இலீற்றர் நீர் குருதியிலிருந்து இவற்றினுள் வடிக்கப்படுகின்றது. அந்நீரோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் உப்பும் செல்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குட்பட்ட உப்பே போதியது என்கிறது. ஆகவே வடிக்கப்பட்ட உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மீண்டும் குருதிக்குள் உறிஞ்சப்படுகின்றமை புலனாகும். உறிஞ்சுதலின் பெரும்பகுதி குழாயின் முற்பகுதியில் நிகழ்கின்றது. எஞ்சிய சிறுபகுதியே குழாயின் கடைக்கோடியை அடைகின்றது. அவ்விடத்திலேயே உடலின் தேவைக்கேற்ப இறுதி அளவு தீர்மானிக்கப்படுகின்றது.

மட்டக்களப்பு மக்களுக்கு இதனை உணர்த்த உவமை தேடி நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் எவ்வளவு நீர் நிரம்பியிருப்பினும், வயலுக்குச் செல்லும் நீரைத் தீர்மானிப்பது துருசின் கதவே. படுவான்கரையின் வயல்களில் வெள்ளம் தேங்கி நிற்கும்போது, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கடலை நோக்கிய முகத்துவாரத்து மணற்றிட்டே. அது வெட்டப்படின் நீர் வடியும். மூடிக்கிடப்பின் வயல் அழியும். அவ்வாறே, சிறுநீரகத்தியின் கடைக்கோடியிலுள்ள சிறிய வாயில்கள் அளவறிந்து திறந்து மூடுமாயின் உடலில் உப்பும் நீரும் சமநிலையில் நிற்கும். அவ்வாயில்கள் அளவின்றித் திறந்து உப்பை உள்வாங்குமாயின், உப்போடு நீரும் தங்கிக் குருதியின் கனவளவு மிகும். நாடிகளில் அமுக்கம் உயரும்.

இவ்வாயில்களைக் காப்போன் அல்டொஸ்தரோன் என்னும் ஓமோன். 1953இல் சிம்சன், தெயிற்று என்போரும் உடனுழைத்தோரும் இதனைப் பிரித்தறிந்தனர். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல அமைந்துள்ள அதிரீனற் சுரப்பி இதனைச் சுரக்கின்றது. உடலில் உப்புக் குறையும்போது சிறுநீரகம் இரெனின் என்னும் பொருளை விடுக்கும். அதன் தூண்டலால் அல்டொஸ்தரோன் சுரக்கும். கடைக்கோடி வாயில்கள் திறந்து சோடியத்தை உள்வாங்கிப் பொற்றாசியத்தை வெளிவிடும். உப்பு மிகும்போது இரெனின் அடங்கும். இதனால், குருதியமுக்கம் உயர்ந்திருக்க இரெனின் மிகத் தாழ்ந்திருப்பின், உப்பு அளவின்றித் தங்குகின்றது என்பது பெறப்படும். இவ்வொரு குறிப்பே பின்வரும் நோய்கள் பலவற்றுக்குத் திறவுகோலாகும்.

மூடாத வாயில்

1963இல் அமெரிக்காவின் வண்டர்பிலிற்றுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராண்ட் லிடில் என்னும் மருத்துவர் ஒரு குடும்பத்தின் நோய்வரலாற்றை வெளியிட்டார். அக்குடும்பத்தைச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்குக் குருதியமுக்கம் மிக உயர்ந்தும் பொற்றாசியம் தாழ்ந்தும் இருந்தன. அல்டொஸ்தரோன் மிகுதியால் விளையும் நோயின் குறிகள் யாவும் அவளிடம் காணப்பட்டன. ஆயின் அளந்து பார்த்தபோது அல்டொஸ்தரோன் ஏறக்குறைய இல்லையெனுமளவே இருந்தது. காவலன் இல்லாதபோதும் கதவு திறந்து கிடந்தது. அல்டொஸ்தரோனைத் தடுக்கும் மருந்து அவளுக்குப் பயன்தரவில்லை. வாயிலையே நேராக அடைக்கும் திரையம்தரீன் என்னும் மருந்து பயன்தந்தது. பிழை சிறுநீரகத்தின் வாயிலிலேயே உள்ளது என லிடில் உய்த்துணர்ந்தார்.

அவருடைய கருத்து சரியென்பது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் இரு வழிகளில் நிறுவப்பட்டது. அப்பெண்ணுக்குப் பிற்காலத்திற் சிறுநீரகம் பழுதுற, 1989இல் வேறொருவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதன்பின் நோயின் குறிகள் நீங்கின. 1994இல் றிச்சாட் லிவ்டன் என்பாரின் ஆய்வுக்குழுவினர், சோடியத்தை உள்வாங்கும் கால்வாயை ஆக்கும் பரம்பரையலகில் விகாரம் உள்ளதை அக்குடும்பத்திற் கண்டறிந்தனர். கலமென்சவ்விலுள்ள இக்கால்வாய்கள் பணி முடிந்தவுடன் அகற்றப்படுதல் இயல்பு. அகற்றுதற்குரிய அடையாளம் விகாரத்தால் அழிந்துபோக, அவை மென்சவ்விலேயே தங்கிச் சோடியத்தை இடையறாது உள்வாங்குகின்றன. இன்று இந்நோய் லிடிலின் பெயரால் வழங்குகின்றது. இது ஆட்சியுடைய முறையிற் கடத்தப்படுவது. நோயுள்ள தந்தையோ தாயோ தம் மக்களுள் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பாக அதனை வழங்குவர்.

இணைந்த இரு பரம்பரையலகுகள்

1966இல் கனடா நாட்டு மருத்துவர் சதர்லண்டும் உடனுழைத்தோரும் தந்தையும் மகனுமாகிய இருவரிடத்து விந்தையானதொரு நோயைக் கண்டனர். அவர்களுக்கு அல்டொஸ்தரோன் மிகுந்திருந்தது, ஆயின் தெட்சாமெதசோன் என்னும் மருந்தைக் கொடுத்தவுடன் அது தாழ்ந்தது, குருதியமுக்கமும் குறைந்தது. தெட்சாமெதசோன் கபச்சுரப்பியின் தூண்டலை அடக்குவது. கபச்சுரப்பியின் தூண்டல் கோட்டிசோல் என்னும் மற்றோர் ஓமோனுக்கே முதன்மையாக உரியது. அல்டொஸ்தரோனை ஆள்வது பெரும்பாலும் இரெனினே. அவ்வாறாக, இவர்களிடத்து ஆட்சி மாறியது ஏன்?

விடை 1992இல் கிடைத்தது. எட்டாம் நிறமூர்த்தத்தில் கோட்டிசோலை ஆக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகும் அல்டொஸ்தரோனை ஆக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்து அடுத்தடுத்து அமைந்துள்ளன. இனப்பெருக்கக் கலங்கள் தோன்றும்போது நிறமூர்த்தங்கள் பகுதிகளை மாற்றிக்கொள்வது இயல்பு. அம்மாற்றம் இடம் பிறழ்ந்து நிகழ்ந்தமையால், முன்னதன் தலையும் பின்னதன் உடலும் இணைந்த புதியதொரு பரம்பரையலகு இக்குடும்பங்களில் தோன்றியிருந்தது. அதன் பயனாக, கபச்சுரப்பி ஏவும்போதெல்லாம் அல்டொஸ்தரோன் பெருகுகின்றது. இந்நோயுடையார் குடும்பங்களில் இளவயதில் மூளைக் குருதிப்பெருக்கு நேர்வது மிகுதி எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆதலின் இந்நோய் கண்டவரின் மூளை நாடிகளையும் ஆராயுமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். மருந்தோ சிறிதளவு தெட்சாமெதசோன் அல்லது அல்டொஸ்தரோனைத் தடுக்கும் மருந்து. லிடில் நோயிற் பயன்படாத மருந்து இங்கே பயன்படுகின்றது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே தோன்றும். காரணத்தை அறிந்தாலன்றி மருந்தைத் தேர்தல் அரிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அதிமதுரம் உணர்த்திய உண்மை

மூன்றாவது நோயை விளக்குதற்கு நாட்டு மருந்துக் கடைக்குச் செல்லுதல் வேண்டும். இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அதிமதுரத்தைச் சுவைப்பது தமிழர் வழக்கம். சித்த மருத்துவத்திலும் ஆயுள்வேதத்திலும் இவ்வேர் பெரிதும் பயன்படுகின்றது. 1946இல் ஒல்லாந்து மருத்துவர் றெவெர்சு என்பார் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்துப் புண் ஆறக் கண்டார். ஆயின் சிலருக்கு உடலில் வீக்கம் தோன்றியதையும் கண்டார். அதிமதுரத்தை அளவிறந்து பல கிழமைகள் உண்போருக்கு உப்புத் தங்குதலும் பொற்றாசியம் குறைதலும் குருதியமுக்கம் உயர்தலும் நேரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அதற்குரிய காரணம் வருமாறு: சிறுநீரகத்தில் அல்டொஸ்தரோனை ஏற்கும் வாங்கி, கோட்டிசோலையும் அதே அளவு ஆர்வத்தோடு ஏற்கும் இயல்பினது. குருதியிற் கோட்டிசோல் அல்டொஸ்தரோனைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் அது வாங்கியை அடையாதவாறு ஒரு நொதியம் காவல்புரிகின்றது. கோட்டிசோலை வலியற்ற கோட்டிசோனாக மாற்றிவிடுகின்றது. அதிமதுரத்தின் இனிப்புச்சத்து இக்காவல் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. 1987இல் எடின்பரோ நகரில் இசுத்துவாட்டு என்பாரும் உடனுழைத்தோரும் இதனை மாந்தரில் நிறுவினர்.

அதிமதுரம் சில நாட்களுக்குச் செய்வதைச் சில குழந்தைகளிற் பிறவிக்குறை வாழ்நாள் முழுதும் செய்கின்றது. பதினாறாம் நிறமூர்த்தத்திலுள்ள இந்நொதியத்தின் பரம்பரையலகு இரு பிரதிகளிலும் பழுதுற்றுப் பிறக்கும் குழந்தை, நிறை குறைந்து பிறக்கும், செவ்வனே வளராது, மிகுந்த தாகமும் மிகுந்த சிறுநீரும் உடையதாகும், சிறு வயதிலேயே குருதியமுக்கம் உயரும். 1970களின் பிற்பகுதியில் மரியா நியூ, உலிக்கு முதலிய அமெரிக்க ஆய்வாளர் இந்நோயை விவரித்தனர். பரம்பரையலகின் விகாரம் 1995இல் அறியப்பட்டது. சிலரிடத்து நொதியம் முற்றாக அழியாது ஒருசிறிது எஞ்சியிருக்கும். அத்தகையோர் இளமைப்பருவம் எய்திய பின்னரே மருத்துவரை அடைவர். இது பின்னிடைவான முறையிற் கடத்தப்படுவது. தாய்தந்தையர் இருவரும் நோயற்றவராய் இருந்தும் மகவு நோயுறும்.

பிற அரிய நோய்கள்

பொற்றாசியம் தாழ்வதே குறியாக மேற்கூறிய நோய்கள் அமைய, அது உயர்ந்து நிற்பதும் ஒரு நோயுண்டு. 1964இல் அவுத்திரேலியாவில் இளைஞன் ஒருவனிடத்து முதலில் விவரிக்கப்பட்ட அந்நோய், 1970இல் அதனை ஆராய்ந்த கோடன் என்பாரின் பெயரால் வழங்குகின்றது. தயசைட்டு வகையைச் சேர்ந்த எளிய சிறுநீர்பெருக்கி மருந்து அதற்குச் சிறந்த மருந்தாகும். 2000இல் கெல்லர் முதலியோர் அறிவித்த மற்றொரு நோயில் அல்டொஸ்தரோனின் வாங்கியே விகாரமுற்றுள்ளது. கருவுற்ற பெண்ணிடத்து மிகும் புரொசெத்தரோன் என்னும் ஓமோன் அவ்வாங்கியை வீணே தூண்டுதலால், கருப்ப காலத்திற் குருதியமுக்கம் பேரளவு உயரும். வழக்கமாக வாங்கியைத் தடுக்கும் மருந்தும் அதனைத் தூண்டிவிடும் என்பது இதில் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது.

உப்போடு தொடர்பின்றி, நாடிச்சுவரின் இறுக்கத்தால் விளையும் நோயுமுண்டு. 1973இல் துருக்கி நாட்டு மருத்துவர் பில்கின்துரான் என்பார் கருங்கடற்கரைக் குடும்பமொன்றை விவரித்தார். அக்குடும்பத்தில் விரல் குட்டையாய் இருந்தோர் அனைவருக்கும் உயர் குருதியமுக்கம் இருந்தது. விரல் இயல்பாய் இருந்தோருக்கு இல்லை. மருந்துண்ணாதோர் ஐம்பது வயதுக்குள்ளேயே பெரும்பாலும் பாரிசவாதத்தால் இறந்தனர். நாற்பதாண்டுக்கால ஆய்வின் பின் 2015இல் அதற்குரிய பரம்பரையலகு அறியப்பட்டது. அக்குடும்பத்தாரின் நோயை அவர்தம் கைவிரல்களே காட்டி நின்றன.

அதிரீனற் சுரப்பியின் உட்பகுதியில் தோன்றும் கட்டி வேறொரு வகையது. திடீரெனத் தலையிடி, வியர்வை, நெஞ்சு படபடத்தல், முகம் வெளிறுதல் என்பன தோன்றிச் சிறிது நேரத்தில் அடங்கும். கிராமப்புறத்தில் இது பேய்க்குற்றம் எனவோ அச்சம் எனவோ கருதப்படலாம். 1886இல் செருமனியின் பிறைபேக்கு நகரில் பிரெங்கல் என்னும் மருத்துவர் இவ்வாறு துன்புற்று இறந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் இரு அதிரீனற் சுரப்பிகளிலும் கட்டி இருந்ததை எழுதிவைத்தார். நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தபின், 2007இல், அப்பெண்ணின் உறவினர் வழித்தோன்றல்களை ஆய்வாளர் தேடிக் கண்டு, அவர்களிடத்து இத்தகைய கட்டிகளை விளைவிக்கும் பரம்பரை விகாரம் இருப்பதை வெளியிட்டனர். நோயாளி மறைந்தாலும் நோய் குடும்பத்தில் மறைவதில்லை என்பதற்கு இது பேருதாரணம். இன்று இக்கட்டியுடையோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பரம்பரை விகாரம் உள்ளதென அறியப்படுகின்றது.

குடிமுறையும் பரம்பரையும்

மேற்கூறியவற்றை மட்டக்களப்புப் பிரதேசத்து வாழ்வோடு பொருத்தி நோக்குதல் பயனுடைத்து. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தெற்கே அக்கரைப்பற்று வரையும் பரந்துள்ள தாய்வழிக் குடிமுறை இந்நாட்டுக்குச் சிறப்பாக உரியது. தமிழரிடத்தும் முசுலிம்களிடத்தும் இது உண்டு. மகவு தாயின் குடியைச் சேரும். ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்யார். தாய்மாமன் மக்களும் தந்தையின் உடன்பிறந்தாள் மக்களும் வேறு குடியினராதலால் மச்சான் மச்சாள் உறவில் மணஞ்செய்தல் ஏற்புடையதாகக் கொள்ளப்படுகின்றது. வீடும் நிலமும் பெரும்பாலும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்ல, மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்வான்.

ஒரே குடியினர் அல்லாதார் இரத்த உறவினர் அல்லர் என எண்ணுவோர் உளர். பரம்பரையியலின்படி அஃது உண்மையன்று. கலத்தின் கருவிலுள்ள ஏறத்தாழ இருபதினாயிரம் பரம்பரையலகுகள் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக வருகின்றன. கருவுக்குப் புறம்பேயுள்ள இழைமணியின் 37 பரம்பரையலகுகள் மாத்திரமே, குடியைப்போலத் தாய்வழியே தனித்துச் செல்கின்றன. மேற்கூறிய நோய்கள் யாவும் கருவிலுள்ள பரம்பரையலகுகளாற் பிறப்பவை. ஆதலின் அவை குடியின் எல்லையை அறியா. லிடில் நோயுடைய ஆடவனின் மக்கள் தாயின் குடியினர். அவன் உடன்பிறந்தாளின் மக்களோ அவனுடைய குடியினர். நோய் இரு குடிகளிலும் பரவி நிற்கும். ஆகவே குடும்ப நோய்வரலாற்றை வினவும்போது, வாவிக்கு அக்கரையிலுள்ள தந்தைவழி உறவினரையும் வினவாதுவிடின் பாதி வரலாறு மறைந்துபோகும்.

உறவுமுறைத் திருமணம் எந்நோயை மிகுவிக்கும், எந்நோயை மிகுவிக்காது என்பதையும் தெளிதல் வேண்டும். ஆட்சியுடைய நோய்களுக்கு உறவுமணம் காரணமாகாது. பின்னிடைவான நோய்களுக்கே அது வாய்ப்பை மிகுவிக்கும். கணக்கின் பொருட்டு, ஐந்நூறு பேரில் ஒருவர் பழுதுற்ற பரம்பரையலகு ஒன்றை மறைவாகச் சுமக்கின்றார் எனக் கொள்க. உறவற்ற இருவர் மணந்தால் ஒரு மகவு நோயுறும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. மச்சான் மச்சாள் மணந்தால், ஒருவர் சுமப்பின் மற்றவர் அதனையே சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாதலால், மகவு நோயுறும் வாய்ப்பு ஏறத்தாழப் பதினாறாயிரத்தில் ஒன்றாகும். அறுபது மடங்கு மிகுதியாயினும் அது தன்னளவிற் சிறியதே. எனவே உறவுமணம் செய்த ஒவ்வொருவரும் அஞ்சவேண்டுவதில்லை. அக்குடும்பத்தில் நோய் முன்னரே தோன்றியிருப்பின் மாத்திரம் வாய்ப்பு நான்கில் ஒன்றுவரை உயருமாதலால், அத்தகையோர் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் இன்றியமையாதது.

கண்டறியும் வழியும் தடைகளும்

நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவரிடத்து உயர் குருதியமுக்கம் உறுதிப்பட்டால் காரணம் தேடல் வேண்டும் என்பது மருத்துவ நெறி. ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தபின், கையின் பருமனுக்கேற்ற பட்டியைக் கொண்டு, இரு கைகளிலும் அளத்தல் முதற்படி. சிறுநீரையும், குருதியிலுள்ள பொற்றாசியத்தையும், சிறுநீரகத் தொழிற்பாட்டையும் சோதித்தல் இரண்டாம் படி. இரெனினையும் அல்டொஸ்தரோனையும் ஒருங்கே அளத்தல் மூன்றாம் படி. இரெனின் தாழ்ந்து அல்டொஸ்தரோனும் தாழ்ந்திருப்பின் லிடில் நோயோ காவல் நொதியக் குறையோ ஐயுறத்தக்கது. இரெனின் தாழ்ந்து அல்டொஸ்தரோன் உயர்ந்திருப்பின் அதிரீனற் சுரப்பியை ஆராய்தல் வேண்டும். பொற்றாசியம் இயல்பாய் இருத்தலால் மட்டும் இந்நோய்கள் இல்லையெனக் கொள்ளலாகாது. இப்படிகளின் இறுதியிலேயே பரம்பரையலகுச் சோதனை இடம்பெறும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் 1983இல் மனிதப் பரம்பரையியற் பிரிவு நிறுவப்பட்டதிலிருந்து இத்துறை இலங்கையில் வளர்ந்து வருகின்றது. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமும் உள்ளமை இப்பிரதேசத்துக்குப் பெருந்துணையாகும்.

ஆயினும் தடைகள் உள. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் நோவின்றி வளர்வது. நோவற்ற இளைஞன் ஒரு நாட்கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்லான். படுவான்கரையின் பல ஊர்களுக்கு வாவியைத் தோணியிலோ பாதையிலோ கடந்து வருதலே நெடுங்காலம் வழியாயிருந்தது. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இலேயே. குடும்ப வரலாறும் பலரிடத்துச் சிதைந்துள்ளது. 2009 வரை நீடித்த போரும் 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் முதியோரையும் நினைவுகளையும் ஒருங்கே கொண்டு சென்றன. மாமன் ஒருவன் முப்பது வயதில் இறந்தான் என்பது தெரியும். எதனால் இறந்தான் என்பதைச் சொல்ல வல்லார் சிலர் இல்லாதொழிந்தனர்.

இவையனைத்தினும் வலியது மௌனமே. பரம்பரை நோய் என்ற சொல் ஊரிற் பரவின் மகளின் திருமணம் தடைப்படும் என அஞ்சும் பெற்றோர் இளவயதுச் சாவுகளின் காரணத்தை மறைப்பர். அவ்வச்சம் வெறுங்கற்பனையன்று; அதனை எள்ளுதல் தகாது. ஆயின் மறைத்தலின் விலை யாதென எண்ணுதல் வேண்டும். அண்ணன் மருந்துண்டு நலமாய் வாழத் தம்பி அளக்கப்படாது பாரிசவாதத்தால் வீழ்வானாயின், காக்கப்பட்டது குடும்பத்தின் பெயரன்று. பரம்பரையலகின் விகாரம் ஒருவர் செய்த பிழையுமன்று, ஒரு குடியின் இழுக்குமன்று. எல்லா மாந்தரும் பழுதுற்ற பரம்பரையலகுகள் சிலவற்றை அறியாமலே சுமந்து திரிகின்றனர். மருத்துவரும் தம் பங்குக்கு, நோயாளியின் இசைவின்றி அவர் செய்தியைப் பிறர் அறியாவண்ணம் காத்தல் கடன்.

கல்லூரிகள் இவ்விடயத்தில் ஆற்றத்தக்க பணி எளிது. உயர்வகுப்பு மாணவரின் உயரமும் நிறையும் அளக்கப்படும்போது குருதியமுக்கத்தையும் ஆண்டுக்கொருமுறை அளத்தல் கூடும். உயிரியல் பயிலும் மாணவன் பட்டாணியின் நிறத்தை மாத்திரம் வரைந்து மெந்தலின் விதியைக் கற்பதோடமையாது, தன் பாட்டன் பாட்டியர் நால்வரின் வழியும் யார் யார் எவ்வயதில் எந்நோயால் இறந்தனர் என்பதை முதியோரிடம் கேட்டெழுதிவைத்தல் கூடும். இருபக்கத்து உறவையும் காட்டும் அத்தாள், ஒருநாள் மருத்துவர் கையில் விலைமதிப்பற்ற சான்றாகும். ஐந்து நிமிடத்தில் அளக்கத்தக்க ஒரு குறியை அளவாது விட்டு, ஐம்பதாண்டு வாழத்தக்க ஓர் உயிரை இழத்தல் அறிவுடைச் சமுதாயத்துக்கு அடாது.